கலினா அமைத்த பூக்கணக்கு

லோம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நெவேனாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்பும் பேத்தி கலினாவின் உடம்பும் நன்றாகவே இருக்கின்றன, உன் முதுகுவலி குறைந்ததா, பொலோன்யாவில் நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியம்மாள் இப்போதாவது உன்னைத் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்க விடுகிறாளா என்று தெரிந்துகொள்ள மனம் அடித்துக்கொள்கிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே. இந்த இரண்டு அறை வீட்டில் நான் எந்த மூலையில் நின்று பேசினாலும் கலினாவுக்குக் கேட்கும், அதனால்தான் அவள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து எழுதி, எல்லை தாண்டி உங்கள் பக்கம் வரும் வேன் ஓட்டுநர் க்ரூம் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே சுட்ட மிளகாய் விழுது இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன், மூடி இறுக்கமாக இருக்கும், கத்தியால் நெம்பாமல் வெந்நீரில் கவிழ்த்து வைத்துத் திற. படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு என்று எழுத வந்தேன், வேண்டாம், கிழிக்கிற வேலை இந்த வீட்டில் போதும் போதும் என்றாகிவிட்டது.

வாதுமை மரம் சீக்கிரமே பூத்து உறைபனியில் கருகிவிட்டது, தக்காளி நாற்றை இன்னும் சமையலறை ஜன்னலில்தான் வைத்திருக்கிறேன். கலினா உயரமாகிவிட்டாள், போன வருஷத்துக் கோட்டின் கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நிற்கிறது. பக்கத்து வீட்டு ஸ்தோய்னா எனக்குப் பின்னல் போடக் கற்றுக்கொடுத்தாள், என் பின்னல் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது என்று கலினா குறை சொல்கிறாள். படிப்பில் வாசிப்பு நன்றாக இருக்கிறது, பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறாமல் சொல்கிறாள், வார்த்தைக் கணக்குதான் முதலில் தகராறாக இருந்தது. எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பாள். ஒருவர் சந்தையில் முப்பது தர்பூசணி வாங்கினார் என்று படித்தவுடன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "முப்பது பழத்தை யாரு தாத்தா திம்பாங்க, அவர் வீட்டுல எத்தனை பேரு, மாடு ஏதாவது வச்சிருக்காரா?" என்று கேட்பாள். நான் என் வாத்தியார் காலத்துப் பழைய வழியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கணக்கில் யார் இருக்கிறார்கள் என்று பார், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார், கடைசியில் நம்மிடம் எதைக் கேட்கிறார்கள் என்று பார், அவ்வளவுதான் என்பேன். மற்ற கணக்குகளில் அந்த வழி அரைகுறையாகத்தான் பலித்தது. கப்பல் கணக்குகளில் மட்டும் அவள் தவறு செய்ததே இல்லை.

அந்தக் கப்பலைப் பற்றி உனக்குத் தெரியும், நீ கட்டியது, நான் ஓட்டியது. அக்டோபரில் மாப்பிள்ளை ஸ்விலென் ஜெர்மனியில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது கலினா அம்மைக் கொப்புளங்களோடு படுத்திருந்தாள். நீ அடக்கத்துக்கு வந்து சம்பந்தியம்மாள் ஊரிலேயே இரண்டு நாள் இருந்துவிட்டு, இந்த முகத்தோடு அவளைப் பார்க்க முடியாதுப்பா, அடுத்த முறை வந்து நானே சொல்கிறேன், அதுவரைக்கும் அவள் காதுக்குப் போகக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டாய். அப்பா வடகடலில் கப்பல் வேலைக்குப் போயிருக்கிறார், அங்கே போன் எடுக்காது என்று நீ சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டதோடு நிற்காமல் அதைக் கணக்காகவும் ஆக்கினேன். அப்பாவின் கப்பலில் எண்பத்துநாலு பெட்டி மீன் ஏற்றினார்கள், முதல் துறைமுகத்தில் கால் பங்கை இறக்கினார்கள், மீதி எத்தனை? அப்பா ஒரு நாளைக்கு மூன்று கோப்பை டீ குடித்தால் இரண்டு வாரத்துக்கு எத்தனை கோப்பை? பனிக்காலம் முழுக்க அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இதுதான் எங்கள் பயிற்சி. "அப்பா வர்ற கணக்கு போடுங்க தாத்தா" என்று அவளே கேட்பாள். பிள்ளை ஆசையோடு படிக்கிறாளே என்று நானும் போட்டேன். ஆனால் நெவேனா, போகப் போக எனக்கு அந்த மேசையில் உட்காரவே ஒரு மாதிரியாக ஆகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாப்பிள்ளை ஈரக் கோட்டோடு வந்து உட்கார்ந்து, கணக்கில் தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பதுபோல் தோன்றும். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியை ஒருநாள் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மறுநாள் மாலை அது பழையபடி மேசையருகே இருந்தது. கலினா கொண்டுவந்திருப்பாள் என்று தெரியும், ஆனாலும் நான் அவளிடம் கேட்கவில்லை.

இப்போது ஆறு மாதம் நெருங்குகிறது. நாற்பதாம் நாள் செய்ததுபோலவே சம்பந்தியம்மாள் வசில்கா அஞ்சலி நோட்டீஸ் அடித்துவிட்டார். உங்கள் ஊரில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள், லோமில் மட்டும் வேண்டாம், குழந்தை இருக்கிறாள் என்று போனில் கெஞ்சிப் பார்த்தேன். "என் பிள்ளை கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த ஊர்லதான் குடியிருந்தான், அந்தத் துறைமுகத்துலதான் மூட்டை தூக்கினான், அவனுக்குக் கூட்டாளிங்க இல்லையா? சுவத்துல ஒரு தாள் ஒட்டாம விட அவன் என்ன அநாதையா சம்பந்தி?" என்று அழுதார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும், அவர் கேட்டது நியாயம். வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்த அவருடைய அக்காள் மகன் பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை மூலை, நம் கட்டடத்து வாசல் கதவு, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் என்று எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டுப் போனான். அந்தப் படத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். உங்கள் கல்யாணப் படத்திலிருந்து மாப்பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள், அவருடைய தோளில் உன் விரல்கள் மட்டும் இருக்கின்றன. நான் கோட்டை மாட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். ஈரப் பசை, தாள் முழுசாக வராது, நெற்றி ஒரு துண்டு, வாய் ஒரு துண்டு என்று வரும், கண்கள் மட்டும் சுவரிலேயே தங்கிவிடும், அதற்குத் திரும்பவும் நகத்தை வைக்கவேண்டும். குப்பையில் போட மனம் வரவில்லை, அடுப்பில் போடவும் வரவில்லை, துண்டுகளைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினேன். நம் கட்டடத்து வாசலில் ஸ்தோய்னா என்னைப் பிடித்துக்கொண்டாள். "வாத்தியாரே, நல்லாயிருக்கு உம்ம வேலை. செத்தவன் மூஞ்சிய நகத்தால சுரண்டுறீரே, அவன் ராத்திரி வந்து கதவைத் தட்டமாட்டானா?" என்றாள். தட்டினால் திறப்பேன் என்றேன். "திறந்துட்டு என்னய்யா சொல்வீர், உன் பொண்ணுக்கு இன்னும் விஷயம் தெரியாது, சத்தம் போடாம செருப்பைக் கழட்டிட்டு வான்னா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. மாடி ஏறும்போது இரண்டும் போய்விட்டன, எனக்குப் பின்னால் இன்னொருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவதுபோல் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனபோது அங்கே ஒட்டியது எதுவும் இல்லை. ஒட்டினான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அங்கே பசைக்குப் பதிலாக டேப் போட்டிருந்தான், அதன் நான்கு மூலைகளும் சுவரில் இருந்தன, நடுவில் தாள் மட்டும் இல்லை. காற்றடிக்கவில்லை, மழையும் இல்லை. பேருந்து நிறுத்தத்திலும் அப்படியே. நவம்பரில் நாற்பதாம் நாள் நோட்டீஸ் ஒட்டியபோதும் இதே மாதிரி நடந்தது, அப்போது பனி பெய்து விழுந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். இந்த முறை நான் போகிற வழியில் எனக்கு ஒரு தெரு முன்னால் யாரோ போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. மகள் நிம்மதியாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளையே வந்து தன் முகத்தைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறாரோ என்று, இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குப் பேய் பிசாசு ஒன்றும் கிடையாது என்று சொல்லிக்கொடுத்தவன், நடுத்தெருவில் நின்று நினைத்தேன்.

நேற்று மதியம் கலினாவின் வகுப்பாசிரியை ரதொஸ்தீனா என்னை வாசலில் நிறுத்தினாள். உனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தாளே, அந்த ரதொஸ்தீனாதான். அவர்கள் இப்போது உணர்ச்சிகளை வர்ணித்து எழுதும் பயிற்சி செய்கிறார்களாம். கோபம், பயம், வெட்கம் என்று பெயரைச் சொல்லக்கூடாது, முகமும் கையும் வயிறும் என்ன செய்கின்றன என்று மட்டும் எழுதவேண்டும், எழுதியதை எழுந்து நின்று படிக்கவேண்டும், எந்த உணர்ச்சி என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். நல்ல பயிற்சி, நான் வேலையில் இருந்தபோது பிள்ளைகள் 'மிகவும் சோகமாக இருந்தது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், யாருடைய சோகம், எந்த மாதிரிச் சோகம் என்று ஒன்றும் தெரியாது. கலினா படித்ததை ரதொஸ்தீனா எனக்குக் காட்டினாள். அப்படியே எழுதுகிறேன், மனப்பாடமாகிவிட்டது. 'போன் அடித்தால் என் தாத்தா முதலில் என்னைப் பார்க்கிறார், பிறகு போனைப் பார்க்கிறார். வெளியே போய் வந்ததும் கையை இரண்டு தடவை கழுவுகிறார், ஆனாலும் நகத்துக்குள் வெள்ளைக் காகிதம் இருக்கிறது. என் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் வகுப்பில் பேசுவதுபோல் பெரிதாகிறது, கை மட்டும் மேசைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்க்கும்போது என் வயிறு லிஃப்ட் இறங்கும்போது ஆவதுபோல் ஆகிறது. உடனே நான் வேறு ஏதாவது கேட்டுவிடுகிறேன்.' வகுப்பில் ஒரு பையன், "திருட்டு முழி மிஸ், அவ தாத்தா கடையில சாக்லேட் சுட்டிருக்கார்" என்று கத்தினானாம், எல்லோரும் சிரித்தார்களாம். இன்னொருத்தி பயம் என்றாளாம். கலினா இரண்டுக்கும் தலையாட்டவில்லை. அப்படியானால் எந்த உணர்ச்சி என்று ரதொஸ்தீனா கேட்டதற்கு, "அதுக்குப் பேர் எனக்கும் தெரியல மிஸ், தெரிஞ்சா நான் ஏன் இவ்வளவு எழுதப்போறேன்" என்றாளாம். "சார், அவளுக்கு எவ்வளவு தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ரதொஸ்தீனா என்னைக் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். என் குரல் வகுப்பில் பேசுவதுபோல் பெரிதாக இருந்தது, அது எனக்கே கேட்டது.

மாலை வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தோம். கணக்கைப் போடுவதல்ல, கணக்கை அமைப்பது. மூன்றை ஐந்தால் பெருக்கு, வந்ததிலிருந்து ஓர் எண்ணைக் கழி, அந்த எண்ணை நீயே வைத்துக்கொள், இதற்குப் பொருத்தமாக ஒரு வார்த்தைக் கணக்கு எழுது என்பதுதான் வேலை. கலினா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு எழுதி, எனக்குப் படித்துக் காட்டினாள். தாத்தா கட்டுக்கு ஐந்தாக மூன்று கட்டு டூலிப் பூ வாங்கினார், அதில் எட்டை அம்மாவுக்குக் கொடுத்தார், மீதியை அப்பாவுக்குக் கொடுத்தார், அப்பாவுக்கு எத்தனை? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடி அசடே, அம்மாவுக்கு எட்டுப் பூவா? இரட்டைப்படையில பூ கல்லறைக்குத்தானடி போகும், அம்மா என்ன செத்தா போயிட்டா? அழிச்சிட்டு ஒன்பதாக்கு" என்று கத்திவிட்டேன். அவள் முணுமுணுக்காமல் ரப்பரால் அழித்து ஒன்பது என்று எழுதினாள், மீதி ஆறு என்று போட்டாள், தாளை என் பக்கம் திருப்பினாள். பதினைந்தில் ஒன்பது போனால் ஆறு, பெருக்கல் சரி, கழித்தல் சரி, கேள்வி தெளிவாக இருக்கிறது. சரி என்றேன், சபாஷ் என்றும் சொன்னேன். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க தாத்தா" என்றாள். மறுபடியும் பார்த்தேன், ஆறுதான், சரிதான் என்றேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "எட்டுக்குக் கத்தினீங்க. ஆறுக்குக் கத்தலையே" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "மொத்தம் பதினஞ்சு. ஒருத்தருக்கு ஒத்தையாக் குடுத்தா இன்னொருத்தருக்கு ரெட்டையாத்தான் வரும். யாருக்கு ரெட்டைன்னு நான் முடிவு பண்ணல, நீங்கதான் மாத்தச் சொன்னீங்க" என்றாள்.

நெவேனா, இவ்வளவு வருஷம் எத்தனையோ பிள்ளைகளின் விடைகளைத் திருத்தியிருக்கிறேன். எண் சரியாக இருந்தால் போதும் என்று என் கை தன் போக்கில் சரி போட்டுவிட்டது. உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு ஆறு பூ என்றால் இந்த ஊரில் பேசத் தெரிந்த குழந்தைகூடக் கூச்சல் போடும். கூச்சல் போடாமல் இருந்ததுதான் நான் அவளுக்குச் சொன்ன பதில். ஏதாவது சமாளிக்கலாமா என்று பார்த்தேன், கவனிக்கவில்லை, கண் மங்கல் என்று சொல்ல வார்த்தைகள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் என் கை மேசைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தது. அவள் தன் கையை அதன்மேல் வைத்து நிறுத்தினாள். பிறகு எழுந்து போய்ப் பள்ளிப் பையிலிருந்து பெரிய நிலப்படப் புத்தகத்தை எடுத்துவந்து பிரித்தாள். உள்ளே மாப்பிள்ளையின் முகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, நாற்பதாம் நாளுடையதும் இருந்தது, ஆறு மாதத்துடையதும் இருந்தது. என் கோட்டுப் பையில் இருப்பதெல்லாம் துண்டு துண்டு. அவள் எடுத்ததெல்லாம் முழுசு, டேப்பை மெதுவாக நகத்தால் தூக்கி, ஓரம்கூடக் கிழியாமல் எடுத்திருக்கிறாள். ஏனம்மா என்னிடம் கேட்கவில்லை என்றேன். "நீங்க இந்தக் குளிர்ல தெருத்தெருவா அலைஞ்சு கிழிச்சிட்டு வர்றீங்க, பாவமா இருந்துச்சு. அதான் ஸ்கூல் பக்கம் நான் பாத்துக்கிட்டேன்" என்றாள். அப்படியானால் கப்பல் கணக்கெல்லாம் எதற்காகக் கேட்டாய் என்றேன். "கணக்குல அப்பா டீ குடிக்கிறார், பெட்டி எண்ணுறார், அடுத்த துறைமுகத்துக்குப் போறார். வேற எங்கேயும் போகலையே தாத்தா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே அப்பா வர்ற கணக்கு போடமாட்டீங்களா?" என்று கேட்டாள்.

அழுதாளா என்று கேட்பாய். என் முன்னால் அழவில்லை. அழுதது நான்தான், அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம். "அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அம்மா அங்க தைரியமா இருக்காங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது கடைசியில் அப்பா எப்படி இருக்கார் என்று அவள் கேட்கிறாள் அல்லவா, நன்றாக இருக்கிறார், உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னார் என்று நீ சொல்கிறாய் அல்லவா, அது அவள் தெரியாமல் கேட்பது இல்லையம்மா. "நான் கேட்டவுடனே அம்மா கொஞ்ச நேரம் பேசமாட்டாங்க, மூக்கை உறிஞ்சுவாங்க, அப்புறம் குரலை மாத்திக்கிட்டு சந்தோஷமாப் பேசுவாங்க. கேக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சந்தேகப்படுவாங்க" என்றாள். பனிக்காலம் முழுவதும் உன் பொய்யை உனக்காக அவள் சுமந்திருக்கிறாள். நீ அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தாய், நான் உங்கள் இருவரையும் காப்பாற்றுவதாக நினைத்தேன், ஒன்பது வயதுக் குழந்தை நம் இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தலையாட்டிவிட்டு இதோ உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் செய்த சத்தியமும் போயிற்று, அவளிடம் செய்ததும் போயிற்று, போகட்டும். லீவு கிடைக்கவில்லை என்கிறாய், இருக்கலாம், ஆனால் அந்தப் பெரியம்மாளின் மகளிடம் என் பெண்ணுக்கு அப்பா இல்லை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டாயா? நீ இன்னும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயப்படுகிறாய். அம்மா, அது இங்கே ஒவ்வொரு சுவரிலும் ஒட்டியிருக்கிறது, நான் எவ்வளவு சுரண்டினாலும் கண்கள் தங்கிவிடுகின்றன. வந்தால் என்ன சொல்வது என்று வார்த்தை தேடாதே. விளக்கம் எதுவும் வேண்டாம், விளக்கம் சொல்லும்போது நம் குரல் பெரிதாகிவிடுகிறது, அவள் கண்டுபிடித்துவிடுவாள். உன் முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே வா, அந்த முகத்தைத்தான் அவள் இத்தனை நாளாகப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை சம்பந்தியம்மாள் ஊரில் ஆறு மாத நினைவு நாள், படையலுக்குக் கோதுமை வேகவைக்கிறார், கலினாவை நான் அழைத்துப் போகப்போகிறேன், இனி அவளை வீட்டில் பூட்டிவைக்கமாட்டேன். க்ரூமின் வேன் அதே வாரம் வியாழக்கிழமை காலை அங்கிருந்து கிளம்புகிறது, உனக்கு முன்சீட்டில் ஓர் இடம் சொல்லிவைத்திருக்கிறேன், முதுகுக்குத் தலையணை எடுத்துக்கொள், வண்டியில் வெறும் வயிற்றோடு உட்காராதே. தேவமாதா உன் கூடவே இருந்து வழி காட்டட்டும், உன் அம்மா இருந்திருந்தால் என்னவெல்லாம் சொல்லி வாழ்த்துவாளோ அத்தனையும் உனக்குக் கிடைக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கலினா வழக்கம்போல எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் அப்பா எப்படி இருக்கார் என்று கேட்பாள். நன்றாக இருக்கிறார் என்று சொல்லாதே. மூக்கை உறிஞ்சிக்கொள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், குரலை மட்டும் மாற்றிக்கொள்ளாதே. அவள் காத்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
லாசர்